மண்டபத்து டிரம் செட்: காலால மிதிக்கலாமா? எப்படி மிதிக்கணும்?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கோப்பி கலக்கி வெச்சுக்கிட்டுப் படிங்க.

போன செயலவைக் கூட்டத்துல நம்ம மண்டபத்து டிரம் செட் பத்தி ரெண்டு கேள்வி வந்துச்சு. பொருளாளர் கேட்டது: "இந்த வருஷத்துல இது மூணாவது பெடல். இனிமே இதுக்குக் கோயில் காசு ஒரு வெள்ளி கூடப் போகக் கூடாது. தூக்கிப் போட்டுடலாமா?" வாசல்ல பூ கட்டிக்கிட்டு இருந்த ஒரு பாட்டி கேட்டது: "மேளம்னா வாத்தியம். வாத்தியத்தைக் கோயிலுக்குள்ள காலால மிதிக்கலாமா?"

ரெண்டும் நியாயமான கேள்வி. அன்னைக்குப் பதில் சொல்ல நேரம் இல்ல. நான் பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற ஃபாக்டரியில சூப்பர்வைசர். வயசு ஐம்பது தாண்டியாச்சு. பிளாஸ்டிக் ஏன் உடையுதுன்னு தினமும் பார்க்கிற வேலை. அதனால முதல் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். ரெண்டாவது கேள்விக்குப் பாட்டியே பிறகு பதில் சொல்லிட்டாங்க. அதையும் கடைசியில எழுதுறேன்.

முதல்ல, இது என்ன சாமான்னு தெரியாதவங்களுக்கு.

இது நிஜ டிரம் கிடையாது. டிவியில விளையாடுற வீடியோ கேமுக்கு வந்த டிரம் செட். நாலு வட்டத் தட்டு, கால்ல மிதிக்க ஒரு பெடல். சிங்கப்பூர்ல வேலை செய்ற ஒரு பக்தர், அவர் பிள்ளைங்க பெரியவங்களாயிட்டாங்கன்னு சொல்லி, கேம் பெட்டியோட சேர்த்துக் காடியில ஏத்திட்டு வந்து கொடுத்தார். திரையில கலர் கலரா கட்டைங்க இறங்கி வரும். சிவப்பு வந்தா சிவப்புத் தட்டை அடிக்கணும், மஞ்சள் வந்தா மஞ்சளை. குறுக்கால ஒரு ஆரஞ்சுக் கோடு வந்தா காலால பெடலை மிதிக்கணும். சரியான நேரத்துல மிதிச்சா புள்ளி ஏறும், தவறினா பாட்டுல அந்தச் சத்தம் விட்டுப் போகும்.

கால்ல மிதிச்சு மேளம் அடிக்கிறது ஏதோ கேம்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. அந்தக் காலத்துல வெள்ளைக்கார பேண்ட்ல பெரிய மேளத்தையும் சின்ன மேளத்தையும் ஒரே ஆள் ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. 1909-ல அமெரிக்காவுல சிகாகோ ஊர்ல லுட்விக் அண்ணன் தம்பி ரெண்டு பேர், வேகமா மிதிக்கிற மாதிரி ஒரு பெடல் செஞ்சு கம்பெனி ஆரம்பிச்சாங்க. பெரிய மேளம் கால் பக்கம் போச்சு, கைக்கு ஓய்வு வந்துச்சு. இன்னைக்கு சினிமாப் பாட்டுல நெஞ்சுல வந்து 'டும்'முன்னு இடிக்கிற சத்தம் கால் அடிக்கிற சத்தம்தான்.

கேமுக்கு அது வந்தது ரொம்பப் பிறகு. ஜப்பான்ல கொனாமி கம்பெனி 1999-ல டிரம்மேனியான்னு காசு போட்டு ஆடுற மெஷின் கொண்டு வந்தது. அதுல அஞ்சு தட்டு, ஒரு கால் பெடல். வீட்டுக்குள்ள பெருசா வந்தது 2007-ல, அமெரிக்காவுல ஹார்மோனிக்ஸ் செஞ்ச ராக் பேண்ட் கேமோட. அடுத்த வருஷம், 2008-ல, கிட்டார் ஹீரோ வேர்ல்ட் டூர். அதுல மூணு தட்டு, மேல ரெண்டு தாளத் தட்டு, கீழ பெடல்.

கவனிக்க வேண்டிய விஷயம் இங்கதான் இருக்கு. 2007-ல வந்த முதல் ராக் பேண்ட் செட்டுல மிதிக்கிற பலகை பிளாஸ்டிக். பல வீட்டுல அது நடுவுல குறுக்கால விண்டு போச்சு. ஊரெல்லாம் பேச்சாச்சு. மேல பொருத்துறதுக்குன்னே உலோகத் தகடு செஞ்சு வெளி ஆளுங்க வித்தாங்க. 2008-ல ராக் பேண்ட் 2 செட் வந்தப்போ அந்தக் கம்பெனியே பெடல்ல உலோகத் தகடு போட்டுக் கொடுத்தது. அதாவது, பெடல் உடையிறது நம்ம ரெங்கத்துப் பசங்களோட தனிக் குறை இல்ல. உலகம் பூரா நடந்த கதை.

இன்னொண்ணு. இந்த மாதிரி கேம் எல்லாம் அதுக்குப் பிறகு இறங்கிடுச்சு. 2015-ல ராக் பேண்ட் 4 ஒண்ணு வந்துச்சு. அதே வருஷம் வந்த கிட்டார் ஹீரோ லைவ்ல டிரம்மே கிடையாது. இப்ப கடையில போய்ப் பழைய செட்டுக்குப் பெடல் மட்டும் கொடுன்னு கேட்க முடியாது. யார் வீட்டு ஸ்டோர்லயோ கிடக்கிறதைத் தேடி வாங்கணும். நம்ம ரெண்டாவது பெடல் குளுவாங்ல ஒருத்தர் கிட்ட பழசா வாங்கினது. மூணாவது தபால்ல வந்தது, சாமான் விலையை விட தபால் கூலி அதிகம். நாலாவது கிடைக்குமான்னே சந்தேகம். அதனால உடைஞ்சா வாங்கிக்கலாம்ங்கிற பேச்சு முடிஞ்சு போச்சு. இருக்கிறதைக் காப்பாத்தணும்.

ஏன் காப்பாத்தணும்னு சிலர் கேட்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் தேவாரம் வகுப்பு முடிஞ்சதும் முன்னாடியெல்லாம் பிள்ளைங்க மோட்டார் ஏறி எங்க போறாங்கன்னு தெரியாது. செட் வந்த பிறகு பூஜை முடியிற வரைக்கும் மண்டபத்துலதான் இருக்காங்க. தண்ணி பந்தல்ல நிக்கிறாங்க, நாற்காலி அடுக்குறாங்க, வெள்ளிக்கிழமை பஜனைக்குத் தாளம் பிடிக்கிறாங்க. பெடல் உடைஞ்சு கிடந்த அந்த மூணு வாரம் பார்த்தேன், பந்தல்ல நாங்க வயசானவங்க நாலு பேர்தான் நின்னோம். ஒரு சின்ன பிளாஸ்டிக் பலகைதான், அதுல இவ்வளவு விஷயம் இருக்கு.

இப்ப உடையிற கதைக்கு வருவோம்.

உடைஞ்ச மூணு பெடலையும் வீட்டுக்குக் கொண்டு போய்ப் பிரிச்சுப் பார்த்தேன். நம்ம செட்டுல உள்ள விஷயம் ரொம்பச் சின்னது. பலகைக்கு அடியில ஒரு காந்தம். கீழ் தட்டுல ஒரு கண்ணாடிக் குழாய்க்குள்ள ரெண்டு மெல்லிசு தகடு. காந்தம் கிட்ட வந்தா அந்தத் தகடு ரெண்டும் ஒட்டும், மின்சாரம் போகும், கேமுக்குத் தகவல் போகும். அவ்வளவுதான். பலகையைத் தூக்கிவிட ஒரு ஸ்பிரிங். வெளியே வர்றது ரெண்டே கம்பி.

நல்லா யோசிச்சுப் பாருங்க. தகடு ஒட்டினதும் வேலை முடிஞ்சது. அதுக்கு மேல நீங்க எவ்வளவு பலமா மிதிச்சாலும் கேமுக்குத் தெரியாது. சத்தம் கூடாது, புள்ளி கூடாது. நிஜ டிரம்ல பலமா மிதிச்சா சத்தமாவது பெருசா கேட்கும், மேளத்துத் தோல் கொஞ்சம் அமுங்கிக் காலைத் திருப்பி அனுப்பும். இங்க மிச்சம் இருக்கிற பலம் முழுக்க பிளாஸ்டிக் பலகைக்குத்தான் போகுது.

மூணு பெடல்லயும் விரிசல் ஒரே இடம். கால் விழுற இடத்துக்குக் கீழ, உள் பக்கத்துல பட்டை திரும்புற மூலையில. ஃபாக்டரியில இதை நாங்க அடிக்கடி பார்ப்போம். பிளாஸ்டிக் கூர்மையான மூலையிலதான் முதல்ல விடும். வளைஞ்சு திரும்புற இடம் உருண்டையா இருந்தா தாங்கும், கத்தி மாதிரி இருந்தா அங்க இருந்து விரிசல் கிளம்பும். ஒரே அடியில உடையாது. ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் வளைச்சுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? பத்து தடவை தாங்கும், இருபதாவது தடவை கையோட வந்துடும். அதே கதைதான்.

எத்தனை தடவைன்னு கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு 120 தட்டு போற சாதாரண வேகப் பாட்டு, அதுல ஒண்ணு விட்டு ஒரு தட்டுக்குக் கால். நிமிஷத்துக்கு 60 மிதி. நாலு நிமிஷப் பாட்டுக்கு 240. எட்டுப் பிள்ளைங்க ஆளுக்கு மூணு பாட்டு, 24 பாட்டு. ஒரு சனிக்கிழமைக்கு 5,760 மிதி. வருஷத்துக்கு 52 வாரம்னா கிட்டத்தட்ட மூணு லட்சம். மூணு லட்சம் தடவை மிதி வாங்கிற சாமான் எது? எங்க ஃபாக்டரியில கூட அப்படிப்பட்ட சாமானுக்குத் தனியா பராமரிப்புப் பட்டியல் இருக்கு.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தா போதாது, எப்படி மிதிக்கிறாங்கங்கிறதும் இருக்கு. ஒரு சுமையை மெதுவா இறக்கி வெச்சா பலகை ஒரு பங்கு தாங்கணும். அதே சுமையைத் திடீர்னு விட்டா ரெண்டு பங்கு தாங்கணும். உயரத்துல இருந்து போட்டா அதுக்கும் மேல. முழங்காலைத் தூக்கி 'டொம்'முனு போடுற பையன், தன்னோட எடையைப் போல பல மடங்கை அந்த மூலையில இறக்குறான்.

இதுல எனக்குக் கண்ணைத் திறந்தது ஒரு பாப்பா. பதினோரு வயசு, மெலிஞ்ச பிள்ளை. பெரிய பசங்க ஆடி முடிக்கிற வரைக்கும் சுவர் ஓரம் உட்கார்ந்து இருக்கும். அதுக்கு முறை வந்தா பாதத்தைப் பலகை மேல முழுசா வெச்சு, குதிகால் எடுக்காம, கணுக்காலை மட்டும் அசைச்சு மிதிக்கும். சத்தமே வராது. எடுக்கிற புள்ளி மட்டும் பெரிய பசங்களுக்குச் சமம், சில பாட்டுல அவங்களுக்கு மேல. அந்தப் பிள்ளை ஆடுறப்போ பெடல் உடைஞ்சதா ஒரு நாள் கூட நான் கேட்டது இல்ல.

ஃபாக்டரியிலயும் இதைத்தான் பார்த்தேன். கால் சுவிட்ச் மிதிச்சு ஓட்டுற மெஷின்ல ஒரே மாதிரி சுவிட்ச் ரெண்டு ஆளுக்குக் கொடுத்தா, ஒருத்தர் கிட்ட அது வருஷக் கணக்கா ஓடும். இன்னொருத்தர் கிட்ட சில மாசத்துல ஆடிப் போயிடும். மெஷின் அதே மெஷின், சுவிட்ச் அதே சுவிட்ச். கால்தான் வேற. அவசரக்காரர் மெஷின் முடிக்கிறதுக்கு முன்னாடியே திரும்பத் திரும்ப மிதிப்பார். மெஷின் அதனால வேகமா ஓடாது. சாயங்காலம் அவருக்குத்தான் கால் வலிக்கும்.

"அப்படின்னா ஃபாக்டரி கால் சுவிட்ச் ஒண்ணையே மாட்டிடலாமே"ன்னு ஒரு தம்பி கேட்டான். ரெண்டு கம்பிதானே, மாட்டலாம். பழசு ஒண்ணு வாங்கி மாட்டிப் பார்த்தோம். உடையாது, உண்மை. ஆனா அது இரும்பு, ஸ்பிரிங் கனம், கீழ போய் மேல வர்றதுக்கு நேரம் எடுக்கும். வேகப் பாட்டுக்குக் கால் கூட வராது. அரை மணி நேரத்துல பிள்ளைங்களுக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. கழட்டி வெச்சுட்டோம். சாமான் கெட்டியா இருந்தா மட்டும் போதாது, காலுக்கு ஒத்துப் போகணும்.

இப்ப நாங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முறையை எழுதுறேன். வீட்டுல செட் வெச்சிருக்கிறவங்களுக்கும் உதவும்.

முதல்ல நாற்காலி. தொடை லேசா கீழ் நோக்கிச் சரியணும். முழங்கால் இடுப்பை விட ஒரு விரக்கடை தாழ்ந்து இருந்தா நல்லது. நாற்காலி தாழ்வா இருந்தா காலைத் தூக்கித் தூக்கிப் போடத் தோணும். மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி குட்டைப் பிள்ளைக்குச் சரி, வளர்ந்த பையனுக்குத் தாழ்வு. அவனுக்கு ரெண்டு நாற்காலி அடுக்கிப் போடச் சொல்லியிருக்கேன்.

ரெண்டாவது, பெடல் நகரக் கூடாது. நம்ம மண்டபத் தரை வழவழ மொசைக். மிதிக்க மிதிக்க பெடல் முன்னாடி ஓடும், பையன் காலை நீட்டித் துரத்துவான். காலை நீட்டிட்டா கணுக்கால் வேலை செய்யாது, முழுக் காலும் விழும். இப்ப ரப்பர் பாய் போட்டு, முன்னாடி ஒரு மரக்கட்டையைச் சுவரோட அணைச்சு வெச்சிருக்கோம். உடையிறது பாதி இதுலயே நின்னுடுச்சு.

மூணாவது, வெறும் கால். கோயில் மண்டபத்துல செருப்பு இல்லாததால இது தானா அமைஞ்சது. பள்ளிக்கூட ஷூ போட்டு மிதிச்சா அடியில என்ன நடக்குதுன்னு காலுக்குத் தெரியாது. வெறும் கால்ல பலகை அடியில தொட்டதும் தெரியும், நிறுத்திடலாம்.

நாலாவது, பாதம். டிரம் வாசிக்கிறவங்க கிட்ட ரெண்டு பழக்கம் உண்டு. ஒண்ணு குதிகால் பலகை மேலயே இருக்கிறது. கணுக்கால் மட்டும் அசையும். மெதுவான பாட்டுக்கு, சின்னப் பிள்ளைங்களுக்கு இதுதான். ஆரம்பத்துல முழங்காலுக்குக் கீழ முன் பக்கச் சதை வலிக்கும், ரெண்டு மூணு வாரத்துல பழகிடும். இன்னொண்ணு குதிகாலை லேசா தூக்கி முன்பாதத்தால மிதிக்கிறது. வேகத்துக்கு இது உதவும். ஆனா தூக்கிறது ஒரு அங்குலம்தான், ஒரு அடி இல்ல. முன்பாதம் பலகையை விட்டுப் பிரியவே கூடாது. பலகை மேல வரும்போது பாதமும் அதோட கூட வரணும். பெரிய பசங்க செஞ்சது பாதத்தைப் பிரிச்சு மேல இருந்து போடுறது. அதைத்தான் நிறுத்தினோம்.

பாதம் விழுற இடமும் முக்கியம். நம்ம பெடல்ல கீல் குதிகால் பக்கம், ஸ்பிரிங் விரல் பக்கம். முன்பாதம் ஸ்பிரிங்குக்கு நேர் மேல விழுந்தா பலகை வளையாது. நடுவுல விழுந்தா ரெண்டு பக்கமும் தாங்கிக்கிட்டு நடு வளையும். ஒரு வெள்ளைக் கோடு போட்டு, விரல் இதைத் தாண்டணும்னு சொல்லிட்டோம்.

அஞ்சாவது விஷயம் பல பேருக்குத் தெரியாது. இப்ப வர்ற தட்டை டிவியில படம் ஒரு கண் சிமிட்டுற நேரம் பிந்தி வரும். பையன் சரியா மிதிப்பான், கேம் தவறுன்னு சொல்லும். அவன் என்ன நினைப்பான்? பெடல் பிடிக்கல, இன்னும் பலமா மிதிக்கணும்னு நினைப்பான். பலமா மிதிச்சா பிந்தினது சரியாகுமா? கேம் உள்ளேயே அந்தப் பிந்தலைச் சரி பண்ற பக்கம் இருக்கு. அதைச் சரி பண்ணின அன்னைக்கே மண்டபத்துல 'டொம் டொம்' சத்தம் பாதி குறைஞ்சது. பெடல் மேல இருந்த கோபமும் குறைஞ்சது.

வேகமா ரெண்டு ரெண்டா மிதிக்கிற பாட்டும் சில கேம்ல உண்டு. 2009-ல வந்த கிட்டார் ஹீரோ மெட்டாலிக்காவுல ரெண்டு பெடல் வெச்சு ஆடுற கஷ்ட நிலையே இருக்கு. நம்ம பசங்க அதைப் பார்த்துட்டு ஒரு பெடல்ல செய்யப் போய்த்தான் ரெண்டாவது பெடல் போச்சு. கணுக்கால் பழகாம வேகத்துக்குப் போகக் கூடாதுன்னு இப்ப சட்டம்.

அடுத்தது, உடைஞ்சதைச் சரி பண்ணின விதம். மூணு உடைஞ்ச பெடல்ல இருந்து ரெண்டு நல்ல பெடல் எடுத்திருக்கேன். செலவு சில வெள்ளிதான், அதுவும் என் கையில.

விரிசல் எங்க முடியுதோ அந்த நுனியில சின்னதா ஒரு ஓட்டை போடணும். கூர்மையான நுனி உருண்டையாயிடும், விரிசல் அதுக்கு மேல ஓடாது. இது பழைய வெல்டிங்காரங்க முறை. பிறகு பலகைக்கு மேல ரெண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, பலகை நீளத்துக்கே வெட்டி வெச்சேன். பாதி நீளம் வெச்சா தகடு முடியிற இடத்துல புதுசா உடையும். தகட்டோட ஓரத்தை அரத்தால நல்லா உருட்டினேன், வெறும் கால் படுற சாமான். ஸ்க்ரூ போடுறப்போ பிளாஸ்டிக் தடிப்பா இருக்கிற இடமாப் பார்த்து, முதல்ல ஓட்டை போட்டுட்டு அப்புறம் முறுக்கணும். நேரா முறுக்கினா அங்கேயே விரியும். அடியில மோதுற இடத்துல பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு ஒட்டினேன், அடி மெத்துன்னு விழும். இரும்புத் தகடு போட வேணாம், அடியில காந்தம் இருக்கு, கிட்ட இரும்பு வந்தா சுவிட்ச் குழம்பும்.

பூஜை நேரத்துல செட் மூடி இருக்கும். மணி அடிச்சா கை எடுத்துடணும். இதுல பிள்ளைங்க இதுவரைக்கும் ஒரு குறையும் வைக்கல.

இப்ப பாட்டி கேட்ட கேள்வி.

சிலர் அதைச் சிரிச்சுத் தள்ளிட்டாங்க. எனக்கு அது சரியாப் படல. நம்ம வீட்டுல புத்தகம் கால்ல பட்டா கண்ணுல ஒத்திக்கிறோம். தவில், மிருதங்கத்தைத் தாண்டிப் போக மாட்டோம். அப்படி வளர்ந்தவங்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

நான் பாட்டி கிட்ட போய் உட்கார்ந்தேன். காஞ்சிபுரத்துல பட்டு நெய்றவங்க குழித்தறியில காலைக் குழிக்குள்ள விட்டு மிதி மிதிச்சுத்தான் சேலை நெய்றாங்க, அந்தச் சேலையைத்தான் அம்மனுக்குச் சாத்துறோம்னு சொன்னேன். நாடகத்துல ஆர்மோனியக்காரர் காலால காத்து அடிச்சுத்தான் வாசிப்பார்னு சொன்னேன். பாட்டி கேட்டுக்கிட்டே பூவைக் கட்டினாங்க. ஒண்ணும் சொல்லல.

அப்புறம் அவங்களாவே பேசினாங்க. அவங்க வீட்டுல சிங்கர் மெஷின் இருந்துச்சாம். காலையில வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி தோட்டத்துல பால் வெட்டு, மத்தியானம் தையல். தினமும் மெஷின்ல உட்காருறதுக்கு முன்னாடி குனிஞ்சு அந்த மிதியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்களாம். "மிதிக்கப் போறேன், பொறுத்துக்கன்னு சொல்லிட்டு மிதிப்பேன். ஆயுத பூஜைக்கு அதுக்கும் பொட்டு வைப்பேன். இந்தப் பசங்க அப்படியா மிதிக்கிறானுங்க? எதிரியை மிதிக்கிற மாதிரில்ல மிதிக்கிறானுங்க!"

இன்னொண்ணும் சொன்னாங்க, அது எனக்கு எந்த இன்ஜினியரும் சொல்லாதது. "கித்தா மரத்துல கத்தியை ஆழமா விட்டா பால் அதிகமா வருமா? வராது. மரம் புண்ணாப் போகும், அப்புறம் அந்தப் பக்கம் பட்டை ஒழுங்கா வளராது. மெல்லிசா சீவத் தெரிஞ்சவதான் வெட்டுக்காரி." தோட்டத்துல வளர்ந்த எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். பட்டைக்குள்ளதான் பால், அதைத் தாண்டிக் கட்டையைத் தொட்டா நஷ்டம் மட்டும்தான். நான் ஒரு மணி நேரம் காந்தம், தகடுன்னு விளக்கினதைப் பாட்டி ரெண்டே வரியில முடிச்சிட்டாங்க.

அடுத்த சனிக்கிழமை பாட்டியையே மண்டபத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். பசங்களுக்கு இதை அவங்களே சொன்னாங்க. பரதம் கத்துக்கிற பொண்ணு ஒருத்தி அங்க இருந்தா. "நாங்களும் ஆடுறதுக்கு முன்னாடி பூமியைத் தொட்டுக் கும்பிடுவோம் பாட்டி, மிதிக்கப் போறோம்னு மன்னிப்பு கேட்டுத்தான் ஆடுவோம்"னு சொன்னா. பாட்டிக்கு முகம் மலர்ந்துடுச்சு.

அன்னையில இருந்து எங்க மண்டபத்துல ஒரு வழக்கம். யார் உட்கார்ந்தாலும் முதல்ல குனிஞ்சு பெடலைக் கையால தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும். பிறகுதான் கால் வைக்கலாம். ரெண்டு பெரிய பசங்க முதல் வாரம் வெட்கப்பட்டாங்க. இப்ப யாரும் சொல்ல வேண்டியது இல்ல. நான் ஒரு சூப்பர்வைசரா பார்த்து எழுதுறேன்: கையால தொட்டுக் கும்பிட்ட சாமானை உடனே ஓங்கி மிதிக்க யாருக்கும் கால் வராது. குனிஞ்சு எழுந்திரிக்கிற அந்த ரெண்டு நொடியில ஆள் நிதானமாயிடுறான். நான் போட்ட வெள்ளைக் கோடும் தகடும் ஒரு பக்கம். இந்தப் பழக்கம் செஞ்ச வேலை அதை விடப் பெருசு. தகடு போட்ட பெடல் அஞ்சு மாசமா ஓடுது. பிரிச்சுப் பார்த்தேன், மூலையில ஒரு கீறல் கூட இல்ல.

பொருளாளர் அண்ணே, உங்க கேள்விக்கு என் பதில்: தூக்கிப் போட வேணாம். கோயில் காசும் வேணாம். பராமரிப்பு என் பொறுப்பு. மாசம் ஒரு தடவை ஸ்க்ரூ, ஸ்பிரிங், வயர் பார்த்து நோட்டுல எழுதி வெக்கிறேன். நீங்க எப்ப வேணும்னாலும் பார்க்கலாம்.

பக்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க வீட்டு ஸ்டோர்ல பழைய கேம் டிரம் செட், கிட்டார், பெடல் எதாவது கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. உடைஞ்சு இருந்தாலும் பரவாயில்ல, கொண்டு வந்து கொடுங்க. ஒண்ணுல ஸ்பிரிங் எடுப்பேன், ஒண்ணுல வயர் எடுப்பேன். பாலிதீன் பையில போட்டு மண்டப வாசல்ல வெச்சிட்டுப் போனா கூடப் போதும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க பிள்ளைங்க கால் பழகிட்டு வர்றாங்க. அந்தப் பதினோரு வயசுப் பாப்பா இப்ப வெள்ளிக்கிழமை பஜனையில கஞ்சிரா பிடிக்குது, கால்ல தாளம் தவறாம தட்டிக்கிட்டே. பெரிய பையன் ஒருத்தன் உறுமி மேளக் குழுவுல சேர்ந்திருக்கான். முன்னாடி காது கிழியிற மாதிரி அடிப்பான், இப்ப பக்கத்துல வாசிக்கிறவனைக் கேட்டு அடிக்கிறான்னு அவங்க குழுத் தலைவரே சொன்னார். ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்க. சனிக்கிழமை சாயங்காலம், தேவார வகுப்பு முடிஞ்சதும்.

வர்ற ஆயுத பூஜைக்குப் பெடலுக்கும் பொட்டு உண்டு. சந்தனம் பாட்டி கையால.